வெங்காயத் தோலும் ஒரு வெள்ளிக்கிழமையும்

சித்திக்கா லாத்தாவைப் பற்றிக் கேட்டால் காரைக்காலில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதில் பாதி பொய். மீதிப் பாதி நடந்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். என் பெயர் மதிவதனி. நெரவியிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து போகிறவள். லாத்தாவிடம் சில வருடமாக வேலை பார்க்கிறேன், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சண்டையும் போடுகிறேன். லாத்தா என்றால் இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்கா. நாங்கள் எல்லோருமே அவரை அப்படித்தான் கூப்பிடுவோம், எங்களோடு வேலை பார்க்கும், அவரைவிட மூத்த குஞ்சம்மாவும் சேர்த்து.

தொழில் வெங்காயத் தோல். சிரிக்காதீர்கள். முதல் நாள் நானும் சிரித்துத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

லாத்தாவின் வாப்பா பண்டாரி, அதாவது கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்குகிறவர். லாத்தா நடக்கத் தெரிந்ததும் பழகியது வெங்காயம் உரிக்கத்தான். ஒரு கல்யாணத்துக்கு மூட்டை மூட்டையாக உரிப்பார்கள், தோலை அள்ளிக் கொல்லையில் கொட்டிக் கொளுத்திவிடுவார்கள். பிளஸ் டூவில் வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவருக்குக் கல்லூரி என்றால் உயிர். ஆனால் நல்ல இடம் வந்தது, நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை நஸ்ருதீனுக்கு ஷார்ஜாவில் வேலை. நல்ல மனுஷர், வருடத்துக்கு ஒருமுறை வருவார், அத்தர் வாசனையும் அன்பும் கொடுப்பார், போய்விடுவார். லாத்தா சும்மா உட்கார்ந்திருக்கும் ரகம் இல்லை. எங்கேயோ ஒரு பெண்கள் பயிற்சி முகாமில், நாம் கொளுத்துகிற வெங்காயச் சருகில்தான் உள்ளே இருக்கும் சதையைவிட அதிகச் சத்து என்று கேட்டுவிட்டு வந்தார். அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். "எத்தனை வருஷம் கொளுத்தினோம் வதனி, எவ்வளவு கொளுத்தினோம்!" என்று இப்போதும் வயிறெரிவார்.

அந்தச் சத்துக்குப் பெயர் க்வெர்செட்டின். சென்னையில் ஒரு கம்பெனி அதை வாங்கி மாத்திரையில் சேர்க்கிறது. ரத்தக்குழாய்க்கு நல்லது என்கிறார்கள். எல்லா வியாதியும் பறந்துவிடும் என்று யாராவது அளந்தால் லாத்தாவுக்குக் கோபம் வரும். "நல்லதுன்னு சொல்றாங்க, இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க. நாம மருந்து விக்கல. குப்பைக்குப் போற சத்தை வழிச்செடுக்குறோம், அவ்வளவுதான்" என்பார்.

ஓட்டல்களிலிருந்தும் மண்டபங்களிலிருந்தும் தோல் வரும். கரும்பூஞ்சை பிடித்ததைக் குஞ்சம்மா பொறுக்கி எறிவாள். மீதியை அலசி, நிழலில் உலர்த்தி, நொறுக்கி, டிரம்மில் ஊறப்போடுவோம். மறுநாள் துணியில் கட்டிப் பிழிந்தால் செங்கல் நிறத்தில் சாறு இறங்கும். அதை மூடிய மின்சாரக் கொதிகலத்தில் மெதுவாகச் சூடாக்கினால் ஊறவைத்த திரவம் ஆவியாகித் திரும்பக் கிடைத்துவிடும், அடியில் களிம்பு தங்கும். களிம்பைக் காயவைத்தால் பொடி. இந்த வேலையில் லாத்தாவின் கை எப்போதும் மருதாணி போட்ட மாதிரி சிவந்தே கிடக்கும்.

எதில் ஊறப்போடுவோம் என்று கேட்பீர்கள். அங்கேதான் வில்லங்கம். வெறும் தண்ணீருக்கு அந்தச் சத்து இறங்காது. ஸ்பிரிட் வேண்டும். ஸ்பிரிட் என்று நான் நாகரிகமாகச் சொல்கிறேன். சாராயத்துக்குள் எது போதையோ அதுதான் அது. அரசாங்க அனுமதியோடு, சீல் வைத்த டிரம்மில் வாங்குகிறோம், ஒளிவுமறைவு இல்லை. ஆனால் ஊர் எது? காரைக்கால். சுற்றிலும் தமிழ்நாடு, நடுவில் புதுச்சேரியைச் சேர்ந்த நாங்கள், இங்கே பாட்டில் விலை குறைவு. எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் போனில் என் உடம்பு எப்படி என்று கேட்பதற்கு முன்னால், வரும்போது ஒரு பாட்டில் கொண்டு வருவாயா என்று கேட்பார்கள். பனைமரத்தடியில் பால் குடித்தாலே கள் என்கிற ஊரில், டிரம் நிறைய ஸ்பிரிட்டை வைத்துக்கொண்டு ஒரு முஸ்லிம் பெண் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடுமா?

மார்க்கப்படி தப்பா என்ற பயம் லாத்தாவுக்கும் இருந்தது. வெளியூர் ஹஜ்ரத், அதாவது மார்க்கம் படித்த பெரியவர் ஒருவருக்குப் போன் போட்டுப் பெயர் சொல்லாமல் கேட்டார். குடிப்பது வேறு, பொருளைப் பிரித்தெடுக்கப் பயன்படுத்தி ஆவியாக்கிவிடுவது வேறு, ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, கூடும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். லாத்தாவின் மனசு தெளிந்தது. தெருவைப் பற்றிய பயம் மட்டும் தெளியவில்லை. குடோனுக்குள் சாராயம் என்ற வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டார். மருந்துத் தண்ணி என்றுதான் சொல்ல வேண்டும். நான் ஒருமுறை வாய்தவறிச் சொன்னதற்குக் கிள்ளிய கிள்ளில் முழங்கை கன்றிப் போனது.

இத்தனை பயத்துக்கும் காரணம் இக்பால். லாத்தாவின் கணவருக்கு அண்ணன். கடைத்தெருவில் கயிறு, பெயின்ட் வியாபாரம், பள்ளிவாசல் கமிட்டியில் இருப்பவர். கெட்டவராக இருந்தால் எதிர்த்து நின்றிருப்போம், நல்லவராகப் போய்விட்டார். கோவில்பத்துக்குப் போகிற வழியில் அவருடைய குடோன் ஒன்று சும்மா கிடந்தது. தம்பி பெண்டாட்டி கேட்டாள் என்று வாடகை கூட வாங்காமல் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரே நிபந்தனைதான் சொன்னார்.

"ஹராமான வேலை எதுவும் உள்ள நடக்கக் கூடாது புள்ளே. நடந்தா அன்னிக்கே சாவிய வாங்கிடுவேன்."

லாத்தா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில்தான் எல்லாம் ஆரம்பித்தது. "அல்லாவுக்குப் பதில் சொல்லிடலாம் வதனி. பெரிய மச்சானுக்கு எப்படிச் சொல்றது?" என்று என்னிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார். வாயைத் திறந்து சொல்லுங்கள் என்று நானும் அத்தனை தரம் கத்தியிருக்கிறேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? டெம்போவில் நீல டிரம் இறங்கியதை எவனோ பார்த்திருக்கிறான். டீக்கடையில் பேசியிருக்கிறான். "இக்பால் பாய் குடோன்ல சாராயம் காய்ச்சுறாங்களாம்" என்று ஆகிவிட்டது. வியாழக்கிழமை இக்பாலிடமிருந்து போன் வந்தது. லாத்தா ஸ்பீக்கரில் போட்டார், எனக்கும் கேட்கட்டும் என்று.

"நாளைக்கி ஜும்மா முடிஞ்சு வரேன். கமிட்டி ஆளுங்க ரெண்டு பேரும் வர்றாங்க. உள்ள வந்து பார்க்கணும். நீ தப்பு பண்ணியிருக்க மாட்டே, எனக்குத் தெரியும். ஆனா ஊர் கேக்குது, பதில் சொல்லணும்ல?"

போனை வைத்துவிட்டு லாத்தா டிரம்மின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். குடோன் போனால் தொழில் போனது. இதற்கு முன் கேட்ட இடங்களில் எல்லாம் பெண் பிள்ளைக்கு எதற்கு என்று கதவைச் சாத்தியவர்கள்தான். சாராயம் காய்ச்சியவள் என்ற பெயரோடு போய் நின்றால் யார் கொடுப்பார்கள்? எங்கள் எல்லோர் வீட்டு அடுப்பும் அந்தக் குடோனை நம்பித்தான் எரிந்தது.

"சொல்லிடுங்க லாத்தா. இப்பவே போன் போட்டு, இது இதுக்காகத்தான் வச்சிருக்கோம்னு சொல்லிடுங்க. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்க முடியுமா?"

"கொஞ்ச நேரம் மறைச்சா போதும். வருவாரு, பார்ப்பாரு, போயிடுவாரு."

"மூக்கு இருக்குல்ல அவருக்கு?"

"நீ ஒருத்தி! உன் வாயைக் கொஞ்ச நேரம் சாத்தி வச்சா பாதி காரியம் நடக்கும்."

வெள்ளிக்கிழமை காலையிலேயே எல்லோரும் குடோனுக்கு வந்துவிட்டோம். டிரம்களைத் தோல் மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளினோம். கொதிகலத்தை அணைத்துத் துணி போட்டு மூடினோம். முந்தின நாள் ஊறப்போட்டதை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. திங்கட்கிழமை சரக்கு போயாக வேண்டும், வெள்ளிக்கிழமையே பிழிந்தாக வேண்டும். பிழிகிற வேலை ஷிஃபாவுடையது. ஷிஃபா யார் தெரியுமா? இக்பாலின் சொந்த மகள். கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள், லீவு நாளில் சாச்சிக்கு, அதாவது சித்தியான லாத்தாவுக்கு, ஒத்தாசை. பொடி சலிக்கப் போகிறாள் என்று அவள் வாப்பா நினைத்துக்கொண்டிருந்தார். வாப்பா வருவதற்குள் முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவதாகத்தான் அவளும் சொன்னாள்.

குடோன் நீளமானது. தெருப் பக்கம் ஒரு கதவு, கொல்லைப் பக்கம் ஒரு கதவு. ஆவியை வெளியே தள்ளுகிற பெரிய ஃபேன் தெருப் பக்கச் சுவரில் இருந்தது. ஷிஃபா டிரம்மைத் திறந்து பிழிய ஆரம்பித்ததும் வாடை தெருவுக்குப் போனது. லாத்தா வெளியே போய் முகர்ந்து பார்த்துவிட்டு வேகமாக உள்ளே வந்தார்.

"ஃபேனை நிறுத்து வதனி. ஜன்னலையெல்லாம் சாத்துங்க."

ஷிஃபா நிமிர்ந்து பார்த்தாள். "சாச்சி, ஆவி வெளிய போகணும். உள்ள தங்கிட்டா ஆபத்து."

"வாப்பா வந்துட்டுப் போற வரைக்கும்தான்மா. நாம என்ன தீக்குச்சியா கிழிக்கப் போறோம்?"

நிறுத்தினேன். சாத்தினோம். ஸ்பிரிட் ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாமல் தரையோடு தவழ்ந்துகொண்டே சேரும். ஒரு பொறி பட்டால் போதும், மொத்த அறையும் ஒரே அடியாகப் பற்றும். அதனால்தான் குடோனில் அடுப்பு கிடையாது, தீப்பெட்டி கிடையாது, ஊதுவத்தி கூடக் கிடையாது. டீ போடுவது கொல்லையில். இதெல்லாம் குஞ்சம்மாவுக்கும் மனப்பாடம். உள்ளே வருமுன் வெற்றிலைப் பையை உதறி, தீப்பெட்டி இல்லை என்று காட்டிவிட்டுத்தான் வருவாள்.

தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது. போன ஆண்கள் திரும்புகிற நேரமும் ஆனது. உள்ளே மூச்சு முட்டியது, கண் எரிந்தது, எனக்குத் தலை லேசாகச் சுற்றியது. ஷிஃபா துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு நடுவில் தரையில் உட்கார்ந்து கடைசித் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். கொஞ்சம்தான் மிச்சம், இதோ முடிந்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

குஞ்சம்மா மூக்கைச் சுளித்தாள். "என்ன லாத்தா, கல்யாண வீட்டுக் குடிகாரன் பக்கத்துல நிக்கிற மாதிரி அடிக்குதே. அவரு வாசல்லயே கண்டுபிடிச்சிருவாரு."

"என்ன பண்ணச் சொல்றே குஞ்சம்மா?"

லாத்தா கேட்டது கேள்விக்காக அல்ல, அலுப்பில் கேட்டது. குஞ்சம்மா அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள். கொல்லைக் கதவு வழியாக வெளியே போனாள். அவள் டீ போடப் போகிறாள் என்று நாங்கள் நினைத்தோம்.

கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் இக்பால் தெரிந்தார். வெள்ளை ஜிப்பா, தலையில் தொப்பி, இரண்டு பக்கமும் கமிட்டி ஆட்கள். பின்னால் தொழுகை முடிந்து வந்தவர்கள் என்னவோ நடக்கப்போகிறது என்று மெதுவாக நடந்து வந்தார்கள். லாத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனார். நானும் கூடவே போய் நின்றேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான், வாங்க. முதல்ல உக்காருங்க, ரோஸ்மில்க் கலந்து வச்சிருக்கேன்."

"வ அலைக்குமுஸ்ஸலாம். ரோஸ்மில்க் அப்புறம் புள்ளே. உள்ள பார்த்துட்டு வந்து குடிக்கிறேன்."

"நல்ல வெயில்ல வந்திருக்கீங்க..."

"சித்திக்கா." குரலை உயர்த்தவில்லை. "நீ என்னை வாசல்லயே நிறுத்துறே."

லாத்தா கதவை ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்தார். இக்பால் ஒரு காலை வாசற்படியில் வைத்தார். மூக்கை உறிஞ்சினார். முகம் மாறியது.

"இது என்ன வாடை?"

"மருந்துத் தண்ணி மச்சான். தோலை ஊறவைக்கிறது."

"எந்த மருந்து? பேர் என்ன?"

லாத்தா முக்காட்டை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டார். நானாவது சொல்லித் தொலைக்கலாமா என்று நினைத்த நேரத்தில் உள்ளேயிருந்து வேறொரு வாசனை வந்தது. நல்ல வாசனை. வெள்ளிக்கிழமை வாசனை. இக்பாலின் முகம்கூட ஒரு நொடி இளகியது.

"சாம்பிராணி போட்டிருக்கியா?" என்றார்.

நாங்கள் போடவில்லை. லாத்தா திரும்பினார். நானும் திரும்பினேன்.

குடோனின் அந்தக் கோடியில் கொல்லைக் கதவு திறந்திருந்தது. ரிஃபாய் பாவா நின்றுகொண்டிருந்தார். வெள்ளிதோறும் கடை கடையாகச் சாம்பிராணி போட்டு, மயிலிறகால் வருடி, பரக்கத்து, அதாவது இறையருள் பெருக வேண்டும் என்று துவா செய்துவிட்டுப் போகிறவர். எங்கள் குடோனுக்கு எப்போதும் தெரு வாசலோடு சரி, உள்ளே வந்ததே இல்லை. குஞ்சம்மா அவரைக் கொல்லை வழியாகக் கூட்டி வந்திருக்கிறாள், சாராய வாடையை அமுக்க. கையில் தூபக்கால். அதற்குள் கணகணவென்று சிவந்த கரி. புகை போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கதவு நிலையில் நின்றபடியே குனிந்து கரியை ஊதினார். பொறி பறந்தது. அவருக்கும் கொதிகலத்துக்கும் நடுவில் ஷிஃபா தரையில் உட்கார்ந்திருந்தாள், அவள் முதுகு கொல்லைப் பக்கம். அவளைச் சுற்றித் தட்டுத் தட்டாக ஈரச் சக்கை.

பாவா அடுத்த காலை உள்ளே எடுத்து வைக்கத் தூக்கினார்.

"சாராயம்!"

லாத்தா கத்தினார். அப்படி ஒரு சத்தத்தை நான் அவரிடம் கேட்டதே இல்லை. "பாவா, உள்ள சாராயம்! குடோன் பூரா சாராயம்! வராதீங்க, எட்டிப் போங்க! எல்லாரும் எட்டிப் போங்க, சாராயம்!"

தூக்கிய காலை பாவா அப்படியே பின்னால் வைத்தார். பாம்பை மிதிக்கப் போனவர் மாதிரி துள்ளி, கொல்லையின் மறுகோடிக்கே போய்விட்டார். இந்தப் பக்கம் இக்பாலின் கால் வாசற்படியிலிருந்து இறங்கியது. கமிட்டி ஆட்கள் தெருவின் நடுவுக்குப் போனார்கள். எட்டிப் பார்க்க வந்த கூட்டம் கலைந்து எதிர்வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. தெரு முழுக்க அந்த ஒரு வார்த்தை கேட்டுவிட்டது.

லாத்தா உள்ளே ஓடினார். நானும் ஓடினேன். எனக்கு ஒரே யோசனைதான், ஆவியை வெளியே தள்ள வேண்டும். ஃபேன் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன். லாத்தா என் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"சுவிட்சைத் தொடாதே! அதுலயும் பொறி வரும்!"

ஷிஃபாவைக் கையைப் பிடித்துத் தூக்கித் தெருவுக்குத் தள்ளினார். ஜன்னல் ஜன்னலாகத் திறந்தோம். திறக்கத் திறக்கக் கடல் காற்று உள்ளே வந்தது. கொல்லையில் பாவா குடத்துத் தண்ணீரை எடுத்துக் கரியின் மேல் கொட்டுகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. வந்ததும் அழுதுவிட்டேன், ஓவென்று அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

குஞ்சம்மா கதவோரம் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாதே தாயே! தீப்பெட்டி கூடாதுன்னாங்க, ஊதுவத்தி கூடாதுன்னாங்க. சாம்பிராணிய யாராச்சும் நெருப்புன்னு நினைப்பாங்களா? அது பரக்கத்து இல்லையா?" அவளைத் திட்ட வாயெடுத்தேன். என்ன சொல்லித் திட்டுவது? அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. எங்கள் ஊரில் யாரும் அதை நெருப்பு என்று நினைப்பதில்லை.

தெருவில் இக்பால் மகளைப் பார்த்தபடி நின்றார். அவள் கண் சிவந்து நீர் வடிந்தது, கை இரண்டும் செங்கல் நிறத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ உள்ளயா இருந்தே?"

"ஆமா வாப்பா."

"அந்தக் கரி உள்ள வந்திருந்தா?"

ஷிஃபாதான் சொன்னாள். "எல்லாரும் மவுத்துதான் வாப்பா. வாசல்ல நின்ன நீங்களும்."

இக்பால் எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். பிறகு கையை நீட்டினார்.

"சாவி."

லாத்தா இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"பாய், குடிக்கிறதுக்கு இல்லைங்க. கவர்மென்ட் அனுமதி இருக்கு. சத்தைப் பிரிக்கிறதுக்கு..."

"எனக்கு அது புரியாமலாம்மா?" என்றார் என்னிடம். பிறகு லாத்தாவைப் பார்த்தார். "இதை நீ முதல் நாளே என்கிட்ட சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா குடோனைக் குடுத்திருப்பீங்களா மச்சான்?"

இக்பால் யோசித்தார். அந்த மனுஷர் பொய் சொல்லத் தெரியாதவர். "குடுத்திருக்க மாட்டேன்."

"அப்புறம் எப்படிச் சொல்றது?"

"குடுக்காட்டி போகுது! கோவிச்சுக்கிட்டு வேற இடம் பார்த்திருப்பே. என் புள்ளைய உள்ள உக்கார வச்சு, எனக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியிருக்கியே. நான் என்ன அவ்வளவு பெரிய ஆளா? என் மூக்குக்குப் பயந்து இத்தனை பேரு உயிரை வச்சு விளையாடுறதா?" குரல் உடைந்தது. "சாராயம் வச்சதுக்கு நான் சாவிய வாங்கல புள்ளே. மறைச்சதுக்கு வாங்குறேன்."

லாத்தா தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றுதான். ஷிஃபாவைக் கூட்டிக்கொண்டு இக்பால் போனார். கூட்டம் கலைந்தது. ரோஸ்மில்க்கை நானும் குஞ்சம்மாவும் சாக்கடையில் கொட்டினோம்.

பிறகு பட்டது கொஞ்சமா? சாராய லாத்தா என்று பெயரே வைத்துவிட்டார்கள். தோல் கொடுத்துக்கொண்டிருந்த ஓட்டல்களில் சில, போனை எடுப்பதில்லை. ஷார்ஜாவிலிருந்து நஸ்ருதீன், போதும் இந்த வேலை, விட்டுவிடு என்றார். லாத்தா விடவில்லை. ஸ்கூட்டியில் என் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஊர் ஊராக இடம் தேடினார். போகிற இடத்தில் எல்லாம் சலாமோ வணக்கமோ சொன்ன கையோடு அவர் சொல்கிற முதல் வார்த்தை சாராயம்தான். எனக்கே தூக்கிவாரிப் போடும். பாதிப் பேர் அப்போதே எழுந்து உள்ளே போய்விடுவார்கள்.

போலகத்தில் முத்தையன் என்று ஒரு பெரியவர், வயல் நடுவே சுவரில்லாத கொட்டகை ஒன்று வைத்திருந்தார். வைக்கோல் போட்டது போக மீதி இடம் சும்மா கிடந்தது.

"ஐயா, சாராயம் வச்சு வேலை செய்வோம். வைக்கோல் இருக்கக் கூடாது, பீடி கூடாது, கற்பூரம் கூடாது, சாம்பிராணியும் கூடாது. சம்மதம்னா குடுங்க."

அவர் பல்லில்லாத வாயால் சிரித்தார். "எனக்குக் குடிக்கக் குடுப்பியாம்மா?"

"சொட்டு கூடக் குடுக்க மாட்டேன்."

"அப்ப ஒழுங்கா வேலை செய்யிற ஆளுதான். வைக்கோலை எடுத்துடச் சொல்றேன்."

இப்போது அங்கேதான் இருக்கிறோம். நாலு பக்கமும் காற்று. குஞ்சம்மாதான் காவல். கோயிலுக்குப் போய்விட்டு நேராக வருகிறவர்களின் சேலையைக் கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் விடுகிறாள். ஷிஃபா வருகிறாள். அவள் வாப்பா பைக்கில் கொண்டுவந்து ரோட்டோரம் இறக்கிவிட்டு, கொட்டகைப் பக்கம் திரும்பாமலே போய்விடுவார். பெருநாளுக்கு வழக்கம்போல இக்பால் லாத்தா வீட்டுக்கு பிரியாணி அனுப்பினார், ஆனால் தான் வரவில்லை. லாத்தா அதைச் சாப்பிட்டுக்கொண்டே அழுதாராம். எனக்கு இக்பால் மேல் கோபம் உண்டு, ஆனால் அவரைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

ஒரு விஷயம் மட்டும் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. போன வாரம் தோல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

"ஏன் லாத்தா, அன்னிக்கு நெருப்பு நெருப்புன்னு கத்தியிருக்கலாம்ல? பாவாவும் நின்னிருப்பாரு, உங்க பேரும் தப்பிச்சிருக்கும், குடோனும் தப்பிச்சிருக்கும். எத்தனை நாளா பொத்திப் பொத்தி வச்ச வார்த்தைய நடுத்தெருவுல நீங்களே போட்டு உடைச்சீங்களே."

லாத்தா கையில் இருந்த தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தார்.

"நெருப்புன்னு கத்தினா நம்ம ஆளுங்க என்ன செய்வாங்க வதனி? அணைக்க உள்ள ஓடி வருவாங்க. பெரிய மச்சான்தான் முதல் ஆளா வந்திருப்பாரு. பாவா அந்தத் தூபக்காலோடவே ஓடி வந்திருப்பாரு. ஜும்மா முடிஞ்சு வர்ற அத்தனை பேரையும் ஒரே நேரத்துல எட்ட நிறுத்தணும். அதுக்கு எனக்குத் தெரிஞ்சு ஒரு வார்த்தைதான் இருந்துச்சு."